மலட்டு மாடா?

மாணவர்களே, தெமியாங் பக்கத் தோட்டங்களில் மாடு வளர்க்கும் தாத்தாமார் இருந்தால் கேட்டிருப்பீர்கள்: “இது மலடு, இறைச்சிக்குக் கொடுத்துவிடலாம்.” அந்தத் தீர்ப்பு பல வேளைகளில் அவசரத் தீர்ப்பு என்பேன்.

பசு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அது ஒரு நாள்கூட முழுதாக நீடிக்காது. நம் வெப்ப நாட்டில் அறிகுறிகள் பெரும்பாலும் இரவில்தான் தெரியும். விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிறவர் கண்ணில் எப்படிப் படும்? கட்டிக்கிடக்கும் மாடு மற்ற மாட்டின்மேல் தாவிக் காட்டவும் முடியாது. ஓயாத கத்தலும், கண்ணாடிபோல் தொங்கும் சளியும்தான் தடயம். காலையில் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை சினை ஊசி போட வேண்டும். நேரம் தவறினால் எவ்வளவு உயர்ந்த காளையின் விந்தும் வீண்தான்.

தீவனச் சத்துக் குறைவும் கருப்பை நோயும் வேறு காரணங்கள். சினைமாடு குறைமாதத்தில் கன்று வீசினால் மட்டும் எச்சரிக்கை: அது மனிதருக்கும் தொற்றும் புருசெல்லோசிஸ் நோயாக இருக்கலாம். வெறுங்கையால் தொடாதீர்கள், பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள், கால்நடை இலாகாவுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

மற்றபடி, பருவம் கண்ட நாளை நாள்காட்டியில் குறியுங்கள். 18ஆம் நாளிலிருந்து, படுக்கப் போகுமுன் டார்ச் லைட்டோடு கொட்டகையை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.