எட்டாவது கிளாஸ் எங்கே போனது?



சென்ற மாதம் எங்கள் வீட்டில் ஒரு சிறு வழக்கு நடந்தது. கூண்டில் நின்றவன் என் இளைய மகன். வயது 10.

அன்று அஸருக்குப் பின் ஊரிலிருந்து எட்டுப் பேர் வந்திறங்கினார்கள். நான் அடுப்படியில் கட்லட் பொரித்துக்கொண்டு நின்றதால், பெரிய மென்பானப் போத்தலைத் திறந்து கிளாஸ்களில் ஊற்றும் வேலையைச் சின்னவனிடம் கொடுத்தேன். ஏழு கிளாஸ் நிரம்பியது. எட்டாவதில் இரண்டு விரற்கடை அளவுதான் இருந்தது. "இந்தப் போத்தல் எப்போதும் எட்டுக் கிளாஸுக்குக் காணுமே! ஊற்றும்போது நீ குடித்தாயா மகன்?" என்று மாமி கேட்டார். அவன் இல்லை என்றான். நானும் மாமியின் பக்கம்தான் நின்றேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பிள்ளை அன்றிரவு சரியாகச் சாப்பிடவும் இல்லை.

மறுநாள் வெற்றுப் போத்தலைக் கழுவும்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அதே மென்பானத்தின் பழைய போத்தல் ஒன்றில் நாங்கள் குடிதண்ணீர் வைப்பது வழக்கம். இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். உயரம் ஒன்றுதான், மூடியும் ஒன்றுதான். ஆனால் புதியதன் இடுப்பு சற்று ஒடுங்கியிருந்தது. தலைகீழாகத் திருப்பினால் அடிப்பகுதி உள்நோக்கிக் குழிந்திருந்தது. பழையதை நிரப்பி அந்தத் தண்ணீரைப் புதியதில் ஊற்றினேன். போத்தல் நிரம்பிய பின்னும் ஏறக்குறைய ஒரு கிளாஸ் தண்ணீர் மிஞ்சியது. மாமி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. பேரனைக் கூப்பிட்டுத் தலையைத் தடவிவிட்டார்.

விலை கூடினால் நமக்கு உடனே தெரியும். கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசுவோம், அல்லது வாங்காமல் வருவோம். அளவு குறைந்தால் கண்ணுக்குத் தெரிவதில்லை. நமது கை போத்தலின் உயரத்தையும் லேபலின் நிறத்தையும்தான் நினைவில் வைத்திருக்கிறது.

இது உலகெங்கும் நடப்பதுதான். பிரித்தானியாவில் 2018 ஏப்ரலில் சீனி கூடிய மென்பானங்களுக்கு வரி வந்தது. பல நிறுவனங்கள் சீனியைக் குறைத்து வரியிலிருந்து தப்பின. கொக்கா கோலா தனது அசல் பானத்தின் செய்முறையை மாற்றவில்லை. 1.75 லீற்றர் போத்தலை 1.5 லீற்றராக்கி, விலையிலும் 20 பென்ஸ் கூடும் என்று அறிவித்தது. பிள்ளைகள் வயிற்றில் சீனி குறைவாகப் போவது நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நல்லதுதான். அறிவித்துவிட்டுச் செய்ததால் அதில் எனக்குப் பெரிய குறையும் இல்லை. ஆனால் அமெரிக்காவில் ட்ரொப்பிக்கானா தோடம்பழச் சாற்றின் கதையைப் பாருங்கள். 64 அவுன்ஸ் இருந்தது 2010இல் 59 ஆனது. 2018இல் 52, 2024இல் 46. அதாவது 1.89 லீற்றரிலிருந்து 1.36 லீற்றருக்கு வந்துவிட்டது. புளோரிடாவில் தோடம்பழ விளைச்சல் நோயினால் பெரிதும் வீழ்ந்தது உண்மை. என்றாலும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஒரேயடியாகக் குறைத்திருந்தால் வாங்குபவர்கள் சும்மா இருந்திருப்பார்களா? படிப்படியாக இறங்கியதால் ஒவ்வொரு படியும் சிறியதாகத் தோன்றியது.

பிரான்ஸில் ஒரு கடைக்காரரே இதைக் காட்டிக்கொடுத்தார். கார்ஃபோர் என்ற பெரிய அங்காடி நிறுவனம் 2023 செப்டெம்பரில், அளவு குறைந்து விலை கூடிய பொருட்களின் முன்னே அறிவிப்பு அட்டை வைத்தது. அவற்றில் ஒன்று லிப்டன் பீச் ஐஸ் டீ. 1.5 லீற்றர் போத்தல் 1.25 ஆகியிருந்தது. ஒரு லீற்றரின் விலையோ 40 வீதம் ஏறியிருந்தது. ஆறில் ஒரு பங்குதானே குறைந்தது, 40 வீதம் எப்படி வந்தது? ஆறில் ஒன்றைக் குறைத்துப் பழைய விலையிலேயே விற்றாலும் லீற்றருக்கு ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 வீதம், ஏறிவிடும். மிச்சம் போத்தலின் விலையைக் கூட்டியதால் வந்தது. 2024 யூலை முதல் அந்நாட்டின் பெரிய கடைகள் இப்படியான பொருட்களுக்கு இரண்டு மாதம் அறிவிப்பு வைக்கவேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. தென்கொரியாவிலும் அதே ஆண்டு ஓகஸ்டில் இதுபோன்ற விதி வந்தது.

லண்டனில் இருக்கும் என் தங்கை இந்தத் தொல்லையே வேண்டாமென்று, வீட்டிலேயே சோடா செய்யும் இயந்திரம் ஒன்றை வாங்கினாள். தண்ணீர் குழாயில் வருகிறது, காபனீரொட்சைட்டு வாயு சிலிண்டரில் வருகிறது, இனி யார் நம்மை ஏமாற்றுவது என்று பெருமையாகச் சொன்னாள். மூன்று மாதம் கழித்துத் தொலைபேசியில் புலம்பல். சிலிண்டரில் 60 லீற்றர் வரை என்று எழுதியிருக்கிறதாம், தனக்கு 40ஐத் தாண்டவில்லையாம்.

அவள் சிலிண்டரில் இருந்த வாயு 410 கிராம். அதை 60 ஆல் வகுத்தால் லீற்றருக்கு ஏழு கிராமுக்கும் சற்றுக் குறைவு. ஒரு சொட்டு வாயுவும் வீணாகாமல் இருந்தால்தான் அந்தக் கணக்குச் சரிவரும். அவள் பிள்ளைகளோ நுரை பொங்க வேண்டுமென்று நாலைந்து முறை அழுத்துகிறார்கள். அதுவும் குழாய்த் தண்ணீரில்! சாதாரண அமுக்கத்தில், உறையும் நிலைக்குக் குளிர்ந்த ஒரு லீற்றர் தண்ணீர் 3.3 கிராமளவு வாயுவைப் பிடித்து வைக்கும். 20 பாகை வெப்பமுள்ள தண்ணீர் அதில் பாதியைத்தான் பிடிக்கும். மிச்சம் சீறிக்கொண்டு வெளியே போய்விடும். தண்ணீரைக் குளிரவைத்து, அதன் பின் வாயு ஏற்றச் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன்: வெற்றுச் சிலிண்டரின் நிறை அதன் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மாற்றிக் கொண்டுவந்ததும் சமையலறைத் தராசில் வைத்தால் உள்ளே எத்தனை கிராம் இருக்கிறதென்று தெரிந்துவிடும்.

அந்த இயந்திரத்துக்கு ஊற்றும் பாகுதான் இன்னும் தந்திரமானது. அங்கே போத்தல் சிறுக்கவேண்டிய அவசியமே இல்லை. கணக்குக்காக 500 மில்லிலீற்றர் பாகு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 23 பங்கு தண்ணீர் என்றால் 12 லீற்றர் பானம் கிடைக்கும். பாகைக் கொஞ்சம் இளக்கி, ஒன்றுக்கு 19 என்று லேபலை மாற்றிவிட்டால் 10 லீற்றர்தான். போத்தல் அதேதான், இரண்டு லீற்றரைக் காணோம். நாம் வாங்கும் நன்னாரிச் சர்பத்துக்கும் கோடியலுக்கும் இதே கணக்குத்தான். போத்தலின் அளவோடு, எத்தனை பங்கு தண்ணீர் சேர்க்கச் சொல்கிறார்கள் என்பதையும் வாசியுங்கள்.

கடையில் நின்று கணக்குப் பார்ப்பது கரைச்சல் என்று நினைக்காதீர்கள். விலையை மில்லிலீற்றரால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் லீற்றரின் விலை வந்துவிடும். 1.5 லீற்றர் 450 ரூபா, 1.25 லீற்றர் 425 ரூபா என்று இரண்டு போத்தல்கள் இருந்தால் நமது கை 425ஐத்தான் தேடும். முதலாவது லீற்றருக்கு 300 ரூபா, இரண்டாவது 340. கைத்தொலைபேசியில் கல்குலேட்டர் இல்லாத வீடு இன்று எங்கே இருக்கிறது? வழக்கமாக வாங்கும் நாலைந்து பொருட்களின் அளவை ஒரு கொப்பியில் எழுதி வைத்தாலே போதும். அடுத்த முறை மாறினால் பிடித்துவிடலாம்.

எங்கள் வீட்டில் அந்தக் கொப்பி சின்னவனிடம் இருக்கிறது. கடைக்குப் போனால் எந்தப் போத்தலையும் முதலில் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்க்கிறானாம். "மூடி ஒழுகுதா தம்பி?" என்று கடைக்கார நானா இரண்டு தடவை கேட்டுவிட்டாராம்.