கனடா வங்கிப் பங்கு நமக்குத் தேவையா?

கனடாவில் பிள்ளைகள் இருக்கும் நண்பர்கள் சிலர் சமீப காலமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "டி.டி. வங்கிப் பங்கு கொஞ்சம் வாங்கிப் போடலாமா? பையன் நல்ல வங்கி என்கிறான்." பையன் சொல்வதில் தவறில்லை. ஆனால் அவனுக்கு நல்லது நமக்கும் நல்லதா என்பது வேறு கணக்கு.

முதலில் வங்கியைப் பற்றி. டொராண்டோ வங்கியும் டொமினியன் வங்கியும் 1955-ல் இணைந்து உருவானதுதான் டி.டி. கனடாவின் ஆறு பெரிய வங்கிகளில் ஒன்று. 1930-களின் பெருமந்தத்தில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடின; கனடாவில் ஒன்றுகூட மூடவில்லை. 2008 நெருக்கடியிலும் அங்குள்ள பெரிய வங்கிகள் டிவிடெண்டைக் குறைக்கவில்லை. இது சாதாரண விஷயமல்ல.

மறுபக்கமும் உண்டு. 2024 அக்டோபரில், கறுப்புப் பணம் புழங்குவதைத் தடுக்கத் தவறிய வழக்கில் டி.டி. அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 300 கோடி டாலருக்கு மேல் கட்டியது. அங்குள்ள அதன் சொத்துக்கும் உச்சவரம்பு போட்டார்கள். பங்கு சரிந்தது, பிறகு 2025-ல் நன்றாக ஏறியது. ஏறிய பிறகுதான் நம் நண்பர்களுக்கு ஆசை வந்திருக்கிறது!

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். கடன் பத்திரத்துக்கு 'ஒப்லிகாசியோன்' என்று பெயர். அந்தச் சொல்லிலேயே கடமை இருக்கிறது. பங்குக்கு 'அக்சியோன்', அதில் அந்தக் கடமை கிடையாது. லாபம் வந்தால், நிர்வாகம் விரும்பினால் டிவிடெண்ட். 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் டிவிடெண்டை உயர்த்தக் கூடாது என்று கனடாவின் மேற்பார்வை அமைப்பு எல்லா வங்கிகளையும் நிறுத்தி வைத்தது. 2021 நவம்பரில்தான் தடை நீங்கியது. பழைய வங்கி என்றால் என்றும் நிலைக்கும் என்பதும் இல்லை. புதுச்சேரிக்கு ரூபாய் நோட்டு வெளியிட்ட இந்தோசீன வங்கி இன்று அந்தப் பெயரில் இல்லை.

இனி நம் கணக்கு. 100 டாலர் டிவிடெண்ட் வந்தால், இந்தியாவில் வசிப்பவருக்குக் கனடா 25 டாலர் பிடித்துக்கொண்டுதான் தரும். அதை இங்கே கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே வரியே வராத சிறு பென்ஷன்காரருக்கு எதில் கழிப்பது? அந்த 25 போனது போனதுதான். மேலும், வெளிநாட்டுப் பங்கு ஒன்றே ஒன்று வைத்திருந்தாலும் எளிய ஐ.டி.ஆர்.-1 படிவம் செல்லாது. வெளிநாட்டுச் சொத்து விவரத்தைத் தனி அட்டவணையில் காட்ட வேண்டும். விட்டுவிட்டால், தொகையைப் பொறுத்துப் பெரிய அபராதம் வரலாம். ரூபாய் மதிப்பு குறையக் குறைய டாலர் பங்குக்கு லாபம் என்பது உண்மைதான். அந்த லாபத்துக்காக எழுபது வயதுக்கு மேல் இத்தனை காகிதம் தேவையா? நமக்குப் பிறகு அந்தக் கணக்கை முடிக்க வீட்டிலுள்ள அம்மாள் யாரிடம் போய் நிற்பார்?

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று. பையனின் வேலை கனடாவில். வீடும் அங்கே, வீட்டுக் கடனும் அங்கே. அங்கே வீட்டுக் கடனை வழக்கமாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை புது வட்டியில் புதுப்பிக்க வேண்டும். அந்நாட்டு மைய வங்கியின் வட்டி 2022 பிப்ரவரியில் 0.25 சதவீதமாக இருந்தது. 2023 ஜூலையில் 5 சதவீதம். அந்த நாட்டுக்குக் கஷ்டகாலம் வந்தால் வேலை, வீட்டு விலை, வங்கிப் பங்கு மூன்றும் சேர்ந்தே ஆடும். அப்போது அவன் ஊருக்குத்தான் போன் செய்வான். நம் பணமும் அதே வங்கியில் மாட்டியிருந்தால் எதை எடுத்துக் கொடுப்பது?

ஆகவே என் கருத்து இது. டி.டி. பங்கு வேண்டுமென்றால் பையன் அங்கேயே, தன் பெயரில், டி.எஃப்.எஸ்.ஏ. என்னும் வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் வாங்கட்டும். அவனுக்கு வயது இருக்கிறது. விலை விழுந்தாலும் காத்திருக்கலாம். நம் பணம் தபால் அலுவலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்பிலேயே இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். அவசரமென்றால் சிறு அபராதத்தோடு ஒரே நடையில் முடித்து எடுத்துவிடலாம்.