நப்பின்னை என்னும் பெயர்

குழந்தைக்குப் பெயர் தேடுவோர் வாங்கிச் செல்லும் புத்தகங்களில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு பொருளும், அதையடுத்து அப்பெயருடையார்க்கு வாய்க்கும் குணங்களின் ஜாபிதாவும் அச்சிடப்பட்டிருக்கின்றன. எண் சாஸ்திரப்படி ஆங்கில எழுத்தொன்றைக் கூட்டியோ குறைத்தோ பாக்கியத்தையே மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் வேரூன்றிவிட்டது. பெயருக்கும் குணத்துக்கும் சம்பந்தம் உண்டென்றே நாமும் கருதுகிறோம். ஆனால் அந்தச் சம்பந்தம், ஒரு பெயரைச் சொல்லி அழைத்தவர்கள் அப்பெயருடையவளிடம் எதை எதிர்பார்த்து நின்றார்களோ அதிலிருந்து பிறப்பது. இன்று மிக அரிதாகிவிட்ட நப்பின்னை என்னும் பெயரை இதற்குச் சான்றாகக் காட்டலாம்.

பின்னை என்பாள் இளையவள். முன்னே நிற்கும் நகரம், நக்கீரன், நச்செள்ளை என்பவற்றிற்போலச் சிறப்புப் பொருள் தருவது. இவ்வளவை வைத்துக்கொண்டு ஜீவனுள்ள ஒரு பெண்ணை எவரும் மனத்தில் காண இயலாது. சிலப்பதிகாரத்தில், குடத்துப் பால் உறையாமலும் வெண்ணெய் உருகாமலும் துர்நிமித்தங்கள் தோன்றிய அன்று, கண்ணகிக்கு அடைக்கலம் தந்த மாதரி, கறவையும் கன்றும் துயர் நீங்கும்பொருட்டுக் குரவைக்கூத்துக்கு ஏற்பாடு செய்து, கன்னியர் எழுவரை ஏழு சுரங்களாக நிறுத்தி, குரலை மாயவன் என்றும், இளியைப் பலராமன் என்றும், துத்தத்தைப் பின்னை என்றும் பெயரிடுகிறாளே, அங்கேதான் அவள் முகம் நமக்குத் தெரிகிறது. ஆயர் சேரிக்கு இடர் நேர்ந்த வேளையில் வேண்டப்படுபவள் அவள்.

ஆண்டாள் பாடிய திருப்பாவையின் 18, 19, 20ஆம் பாசுரங்களில் இம்முகம் இன்னும் தெளிவடைகிறது. நந்தகோபர் மருமகளென்று உறவு சொல்லி, பின்னரே பெயர் சொல்லிக் கதவைத் திறக்க வேண்டும் ஆயர் சிறுமியர், அடுத்த பாசுரத்திலேயே, கண்ணனை எழவொட்டாது வைத்திருப்பது உன் இயல்புக்கு அடுக்குமா என்று உரிமையோடு முறையிடவும் செய்கிறார்கள். அருள் செய்பவளென்ற உறுதி இருந்தாலன்றி அப்படி முறையிட எவர்க்கும் நா எழாது. குற்றமுடையாரையும் இறைவன் முன் நிறுத்திப் பரிந்து பேசும் இத்தன்மையை வைணவ ஆசாரியர்கள் புருஷகாரம் என்றனர். இராமனை மட்டும் விரும்பிய சூர்ப்பனகையும் சீதையை மட்டும் விரும்பிய இராவணனும் கெட, இருவரையும் பற்றிய விபீஷணன் உய்ந்தான் என்பது அவர்கள் காட்டும் திருஷ்டாந்தம். பிட்சைக்குச் சென்ற இராமானுசர் 18ஆம் பாசுரத்தை ஓதிக்கொண்டு வாசலில் நிற்க, வளையொலிக்கக் கதவு திறந்த பெண்ணை நப்பின்னையாகவே கண்டு மூர்ச்சித்தார் என்னும் கதையை எத்தனை முறை கேட்டாலும் நம் நெஞ்சு நெகிழ்கிறது.

ஆழ்வார் பாசுரங்களில் ஏழு எருதுகளை அடக்கிக் கண்ணன் கைப்பிடித்தவள் இவளே. ராதையின் பெயர் அங்கு இல்லை. 12ஆம் நூற்றாண்டில் ஜயதேவர் இயற்றிய கீதகோவிந்தம் பஜனை சம்பிரதாயத்தின் வழியே நம் இல்லங்களுக்குள் புகுந்தபின் ராதையின் பெயர் வீடுதோறும் வழங்கலாயிற்று. நப்பின்னையோ மார்கழி விடியலில் ஓதப்படுவதோடு நின்றுவிட்டாள். ராதையிடம் நமக்கு மனத்தாங்கல் கிடையாது. எனினும், ஆய்ச்சியரும் ஆண்டாளும் தம் குறைகளைச் சொல்லி அழைத்த பெயரொன்று நம் பெண்மக்களுக்கு இல்லாமற்போனது பெருங்குறையென்றே எண்ணுகிறோம்.

பள்ளிக்கூடத்தில் வல்லெழுத்து இடறுமே என்று தயங்கும் தாய்மார் வீட்டில் பின்னை என்று சுருக்கி அழைக்கலாம். இளங்கோவடிகளின் மாதரி அவ்வாறே அழைத்தாள்.