"பாதி கட்டினால் போதும்" என்று போன் வந்தால்



போன வாரம் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் போன் செய்தான். பையன் என்ன, அவனுக்கே இரண்டு பிள்ளைகள். "டீச்சர், பழைய கிரெடிட் கார்டு பாக்கி ஒண்ணு இருக்கு. பாதி கட்டினா முடிச்சிடலாம்னு வசூல் ஏஜெண்ட் சொல்றார். கட்டிடவா?" என்றான். அவசரப்படாதேடா என்றேன். அதே பாதியை நானும் ஒருமுறை கட்டியிருக்கிறேன்.

2014-ல் உங்கள் சாருக்கு ஆபரேஷன். கையில் இருந்த கார்டைத் தேய்த்தேன். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்தேன், பிறகு அதுவும் நின்றுபோனது. வட்டியும் அபராதமும் சேர்ந்து 2018-ல் 1,12,000 ரூபாயில் வந்து நின்றது. 45,000 கட்டுங்கள், மீதி தள்ளுபடி என்றார்கள். வளையலை அடகு வைத்துக் கட்டினேன். தலைமேல் இருந்த பாரம் இறங்கியதென்று கோயிலில் அர்ச்சனைகூடச் செய்தேன்.

2024-ல் சின்னவளின் மேற்படிப்புக்குக் கல்விக் கடன் கேட்டோம். நான்தான் இணை விண்ணப்பதாரர். மேலாளர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். சிபில் அறிக்கையில் அந்தக் கார்டுக்கு நேரே 'செட்டில்டு' என்று இருந்தது. "முடிஞ்சுதுன்னுதானே சார் அர்த்தம்?" என்றேன். "இல்லீங்க டீச்சர், முழுசா கட்டலைன்னு அர்த்தம். கட்டியிருந்தா 'க்ளோஸ்டு'ன்னு இருக்கும்" என்றார். முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு அருஞ்சொற்பொருள் எழுதிப்போட்டவளுக்கு அந்த ஒரு சொல் தெரியவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

பிறகு கார்டு கொடுத்த வங்கிக்கு எழுதி, தள்ளுபடி செய்த 67,000 ரூபாயை இரண்டு தவணையில் கட்டினேன். கேட்டு வாங்கிய தள்ளுபடியைத் திருப்பிக் கட்டிய அசடு நானாகத்தான் இருப்பேன். நிலுவையில்லாச் சான்று வாங்கிய பிறகுதான் அறிக்கையில் 'க்ளோஸ்டு' வந்தது. அப்போதும், நான் தவறவிட்ட மாதங்களின் தழும்பு உடனே மறைந்துவிடவில்லை.

ஆகவே என் கருத்து இது. பணம் புரட்ட முடியுமென்றால் தள்ளுபடிக்கு ஆசைப்படாதீர்கள். தவணை கேளுங்கள், முழுதும் கட்டுங்கள். பேரம் பேசும்போது எவ்வளவு என்று மட்டும் பேசாதீர்கள். கட்டி முடித்தபின் அறிக்கையில் என்ன சொல் வரும் என்பதையும் கேட்டு, கடிதமாக வாங்கிக்கொண்ட பிறகே பணத்தை எடுங்கள். உண்மையிலேயே வழியில்லாதவர்கள் செட்டில் செய்வதில் அவமானம் ஒன்றுமில்லை. பிள்ளைகளைப் பட்டினி போட்டு ஸ்கோரைக் காப்பாற்ற வேண்டாம். ஆனால் தெரிந்து செய்யுங்கள்.

முதலில் உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கடன் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று அதில் பாருங்கள். சில சமயம் வங்கி அதை வேறு நிறுவனத்துக்கு விற்றிருக்கும். பணத்தைக் கடன் கொடுத்தவரின் கணக்கில்தான் கட்ட வேண்டும். ஏஜெண்டின் சொந்த ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ வசூலுக்கு அவர் போன் செய்யவும் கூடாது.

கட்டி ஒரு மாதம் கழித்து மறுபடி அறிக்கையைப் பாருங்கள். திருத்தவில்லையென்றால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், விவரத்துக்கு 14448-ஐ அழையுங்கள். "ஐயாயிரம் கொடுங்க, சிபிலைச் சுத்தம் பண்ணித் தர்றோம்" என்பவர்களை நம்பாதீர்கள். கடன் கொடுத்தவர் சொல்லாமல் அந்த நிறுவனங்கள் பதிவைத் தாங்களாக மாற்ற முடியாது.

அந்தப் பையன் இப்போது எட்டுத் தவணை கேட்டு வங்கிக்கு எழுதியிருக்கிறான். கடிதத்தை எனக்கு அனுப்பித் திருத்தி வாங்கிக்கொண்டான், இன்னும் ஒற்றுப்பிழை போகவில்லை. உங்களில் யாருக்காவது இப்படிக் கடிதம் எழுத வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், மாலை நாலு மணிக்கு மேல்.