அடுப்பை யார் மாட்டுவது?

ஆன்லைனில் வாங்கிய காஸ் அடுப்பு அட்டைப் பெட்டியில் வந்து இறங்குகிறது. கொண்டுவந்தவர் ஓடிபியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். மாட்டித் தரும் ஆள் நாளை வருவாராம், இல்லாவிட்டால் மறுநாள். பழைய அடுப்பைக் கழற்றி வைத்தாகிவிட்டது; ராத்திரிக்குத் தோசை ஊற்றியாக வேண்டும். ஒரு டியூப்பைச் செருகுவதற்கு மெக்கானிக் எதற்கு என்று வீட்டில் யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். கேலி செய்து ஒதுக்கத்தக்க கேள்வி அல்ல இது. எந்த வேலையையும் ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்பது சோம்பேறித்தனம். எதையும் நாமே செய்துவிடலாம் என்பது அசட்டுத் துணிச்சல். என்னைக் கேட்டால், மாட்டுவதில் இருக்கும் சிரமத்தை வைத்து இதை முடிவு செய்யக்கூடாது. மாட்டிய இணைப்பு நம் கண்ணுக்கும் கைக்கும் எட்டுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. எட்டினால் நாமே மாட்டலாம். மேடைக்கு அடியிலோ அலமாரிக்குப் பின்னாலோ சுவருக்குள்ளோ போய் மறைந்துவிடும் என்றால் பயிற்சி பெற்றவர்தான் வர வேண்டும்.

மாதாமாதம் சிலிண்டரை நாமேதானே மாற்றுகிறோம், அதைவிடவா இது கஷ்டம் என்பார்கள். சிலிண்டர் மாற்றுவது எளிதாக இருப்பதற்குக் காரணம் நம் சாமர்த்தியம் அல்ல. சாதாரண ஆள் கையாளுவார் என்று நினைத்தே அதை வடிவமைத்திருக்கிறார்கள். ரெகுலேட்டர் சரியாக உட்கார்ந்து உள்ளே இருக்கும் பின்னை அழுத்தினால்தான் வால்வு திறக்கும். எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும். அடுப்புப் பக்கம் அப்படி எந்தக் காவலும் கிடையாது. அங்கே இருப்பது வரிவரியாக மேடிட்ட ஒரு பித்தளை மூக்கு. டியூப் அதன் அடிவரை ஏறியிருக்க வேண்டும். பாதி ஏறினாலும் அடுப்பு எரியத்தான் செய்யும், நீல நிறத்தில், எந்தக் குறையும் இல்லாததுபோல. அடுப்பு எரிந்துவிட்டது, ஆகவே மாட்டியது சரி என்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

ரெகுலேட்டரைத் தாண்டி வரும் வாயுவின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம்தான். பலூனை வெடிக்க வைக்கக்கூடப் போதாத அழுத்தம் என்பதால் பலரும் இதை அலட்சியமாக நினைக்கிறார்கள். கசிந்த வாயு எங்கே போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலையாமல் தரையோடு படர்ந்து, மூலையிலும் மேடைக்குக் கீழேயும் தேங்கும். காற்றில் அதன் பங்கு ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டைத் தொட்டாலே தீப்பிடிக்கும். மாடுலர் கிச்சன் என்று சிலிண்டரைக் கதவுக்குள் வைத்து மூடும் வீடுகளில் அந்த அளவு சேர அதிக நேரம் ஆகாது. எச்சரிக்கைக்காகவே வாயுவில் மெர்காப்டன் கலக்கிறார்கள். ஆனால் மூடிய அலமாரிக்குள் சேரும் நாற்றம் தூங்குகிறவர்களின் மூக்குக்கு எட்ட வேண்டுமே.

சின்னப் பாகம் எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதற்குச் சான்று லண்டனில் இருக்கிறது. 1968 மே 16 அன்று அதிகாலை, ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பின் 18வது மாடியில் ஒரு பெண் தேநீர் போடத் தீக்குச்சியைக் கிழித்தார். கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். கட்டடம் அப்படிச் சரிந்ததற்கு அதன் கட்டுமானமே காரணம், அது தனிக்கதை. வாயு கசிந்தது எங்கிருந்து என்று விசாரணைக் குழு தேடியபோது அகப்பட்டது, அடுப்பை வாயுக் குழாயோடு இணைத்த, தரம் குறைந்த ஒரு பித்தளை நட்டு. ஒரு நட்டு தரமானதா, மட்டமானதா என்று கையில் எடுத்ததும் சொல்லும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? மெக்கானிக்குக்குக் கொடுக்கும் காசு ஸ்பேனரைத் திருப்புவதற்கான கூலி அல்ல, இந்தப் பழக்கத்துக்கான விலை.

ஆகவே, மேடைமேல் வைக்கும் சாதாரண அடுப்பு, அதோடு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தேதியும் உள்ள புது சுரக்ஷா டியூப் என்றால் நீங்களே மாட்டலாம். டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒட்டு வேண்டாம், அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்கட்டும். கிரானைட்டை வெட்டிப் பதிக்கும் ஹாப் என்றால் கை வைக்காதீர்கள். அதன் இணைப்பு அடியில் இருக்கிறது. குனிந்து டார்ச் அடித்தால்தான் தெரியும். குழாய் எரிவாயு வந்திருக்கும் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. கன அளவுக்குக் கன அளவு பார்த்தால் எல்.பி.ஜி. தரும் வெப்பம் இயற்கை எரிவாயுவைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அதனால் இரண்டுக்கும் ஜெட் துளையின் அளவு வேறு. குழாய் எரிவாயுவுக்கான ஜெட்டோடு அடுப்பைச் சிலிண்டரில் மாட்டினால் தீ மஞ்சளாக எழும், பாத்திரம் கரி பிடிக்கும், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு வரும். ஜெட் மாற்றுவது வீட்டில் செய்து பார்க்கும் வேலை இல்லை.

வருகிற மெக்கானிக்கின் யோக்கியதை என்ன என்பது நியாயமான ஆட்சேபம். டியூப் நெடுகத் தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டி "லீக் இல்லை சார்" என்று சொல்லிப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதற்காக அவர் இடத்தில் நாம் உட்கார்ந்துவிட்டால் ஒரு அரைகுறை போய் இன்னொரு அரைகுறை வந்த கதைதான். தெருமுனையில் அடுப்பு ரிப்பேர் செய்பவரை விட்டுவிட்டு, சிலிண்டர் தரும் ஏஜென்சியில் சொல்லி அவர்கள் அனுப்பும் ஆளைக் கூப்பிடுங்கள். பெயரும் புகாரும் பதிவாகும் இடம் அது. செலவு அதிகம் என்பவர்கள், ஒரு அடுப்பு எத்தனை வருஷம் உழைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

யார் மாட்டினாலும் கடைசிச் சோதனை வீட்டுக்காரருடையது. அடுப்புக் குமிழ்களை மூடி, ரெகுலேட்டரைத் திறந்து, சோப்பு நுரையை இரண்டு முனைகளிலும் தடவிப் பாருங்கள். ஒரு நிமிடம் பொறுத்தும் குமிழி எழாவிட்டால் பால் காய்ச்சலாம். எழுந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள், ஜன்னலைத் திறங்கள், ஸ்விட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள். எல்.பி.ஜி. கசிவுக்கான அந்த அவசர எண் இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது.