தரங்கம்பாடி ரயில் பாதையை முள்ளுக்கு விட்டது போதும்

மயிலாடுதுறை – தரங்கம்பாடி பழைய ரயில் பாதையைப் பற்றி ஒரு நீண்ட இழை. "டாக்டருக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்பீங்க. சொல்றேன்.

எங்கள் அரசு மருத்துவமனை ஓபிக்கு மாதாமாதம் ஒரு பாட்டி வருவார். கடலோர கிராமம். இதயம் பலவீனம். வருகிற நாளெல்லாம் கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டுதான் வருவார். மாத்திரை சரியாகத்தான் கொடுத்திருக்கிறோம். ஒருநாள் துருவிக் கேட்டதும் சொன்னார்: "அந்த ஒண்ணுக்குப் போற மாத்திரையப் போட்டுக்கிட்டு பஸ்ல எப்படிய்யா வர்றது? முந்தா நாளே நிறுத்திருவேன்."

அது உடம்பில் தேங்கிய நீரை வெளியேற்றும் மாத்திரை. போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும். பஸ் எப்போ வரும், எப்போ போய்ச் சேரும், தெரியாது. நடுவழியில் இறங்கவும் முடியாது. அதனால் டாக்டரைப் பார்க்க வருவதற்காகவே நோயை ஏற்றிக்கொண்டு வருகிறார். இதற்கு நான் என்ன மருந்து எழுத?

டயாலிசிஸ் நோயாளிகள் கதை இன்னும் மோசம். வாரத்தில் 2, 3 தடவை, தடவைக்கு 4 மணி நேரம். முதல்வர் காப்பீட்டில் சிகிச்சை இலவசம். ஆனால் வீட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருக்கிற தூரத்துக்குக் காப்பீடு கிடையாது. முடிந்து எழுந்ததும் பிபி இறங்கி, கண் இருட்டிக்கொண்டு நிற்கிற ஆளை பஸ்ஸின் உயரமான படியில் ஏற்றிப் பாருங்க, புரியும். 108 வருமே என்றால், அது உயிர் போகிற அவசரத்துக்கு. மறுபரிசோதனைக்கு வராது.

இப்போ பாதைக்கு வருவோம். மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாகத் தரங்கம்பாடி வரை, சுமார் 30 கிலோமீட்டர். 1920களில் போட்ட மீட்டர் கேஜ். நஷ்டம் என்று 1980களில் மூடி, தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். மண்மேடு மிச்சம் இருக்கிறது, அதன்மேல் கருவேலமுள்.

அதே காலத்தில் மூடிய பேரளம் – காரைக்கால் பாதை இப்போ அகலப்பாதையாகத் திரும்பிவிட்டது. சந்தோஷம். அங்கே துறைமுகம் இருக்கு, சரக்கு இருக்கு, கணக்கு ஒத்துவருது. தரங்கம்பாடியில் நிலக்கரி இறங்கவில்லை, மனுஷங்கதான் இருக்காங்க. அதனால்தான் நம்ம ஊர்க்காரர்கள் "அகலப்பாதை கொடு"ன்னு வருஷக்கணக்கா மனு கொடுத்தும் நகரவில்லை. கோபம் வரலாம், ஆனா சொல்லிடறேன்: நாம் தப்பான பொருளைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கேட்க வேண்டியது லைட் ரயில். இரண்டு, மூன்று பெட்டி, மின்சாரம், ஒற்றைப் பாதை, நடுநடுவே எதிர்வண்டிக்கு ஒதுங்க இடம். ஏறக்குறைய ட்ராம்தான். சென்னையில் 1953 வரைக்கும் ஓடியதுதான், நமக்குப் புதுசு இல்லை.

ஏன் இது? முதல் காரணம், தரையோடு தரையாக இருக்கும் கதவு. வாக்கர் பிடித்தவர், வீல்சேரில் இருப்பவர், முட்டி தேய்ந்த ஆத்தா எல்லாரும் யார் கையையும் பிடிக்காமல் ஏறலாம். இரண்டாவது, நிறுத்தங்கள். பெரிய ரயில் ஆறு ஊரில் நிற்கும், இது ஒவ்வொரு பெரிய கிராமத்து வாசலிலும் நிற்கும். நிறுத்தத்தில் ஒரு சுத்தமான கழிப்பறையும் கட்டி, வண்டி நேரத்துக்கு வந்தால், அந்தப் பாட்டி மாத்திரையை நிறுத்த மாட்டார். மூன்றாவதைத்தான் யாரும் பேசுவதில்லை: ரயில்வே புதுப்பாதையில் லெவல் கிராசிங் வைக்காது, ரோடு குறுக்கிடும் இடமெல்லாம் மேம்பாலமோ சுரங்கப்பாதையோ கட்டணும். டெல்டாவில் ஐப்பசி மழையில் சுரங்கப்பாதை என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும், குளம். லைட் ரயில் மெதுவாக வந்து, சிக்னல் பார்த்து, ரோட்டைத் தாண்டிப் போகும்.

கற்பனை இல்லீங்க. சிட்னியில் ஓய்ந்துபோன சரக்கு ரயில் பாதைமேல் லைட் ரயில் விட்டார்கள். 2014-ல் அதே பாதையில் இன்னும் 5.6 கிலோமீட்டர், 9 நிறுத்தம் என்று டல்விச் ஹில் வரை நீட்டினார்கள். லண்டன் பக்கம் விம்பிள்டன் – குராய்டன் ரயிலை 1997-ல் மூடி, 2000-ல் அதே வழியில் ட்ராம் ஓட்டினார்கள். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே ஊரில் ஒரே வண்டி ரயில் பாதையிலும் ஓடும், ஊருக்குள் வந்து கடைத்தெரு ரோட்டிலும் ஓடும். நமக்கு வேண்டியது அதுதான். பழைய பாதை ஜங்ஷனோடு முடியுது. பஸ் ஸ்டாண்டும் பெரியாஸ்பத்திரியும் ஊருக்குள்ள இருக்கு. அதுவரைக்கும் நீட்டணும், இல்லாட்டி மிச்ச தூரத்துக்கு ஆட்டோவுக்குக் கொடுத்தே நோயாளி ஓஞ்சிடுவார்.

"சிட்னியில கூட்டம் இருக்கு, இங்க யார் ஏறுவா?" நியாயமான கேள்வி. சிட்னி அளவு கூட்டம் வராது. மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட மெட்ரோலைட் விதிமுறைகூட நகரங்களுக்காக எழுதியதுதான், நமக்கு அதையும் இன்னும் சுருக்கணும். ஆனா திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம்னு வருஷம் முழுக்க வருகிற வேன்களை எண்ணிப் பாருங்க. தரங்கம்பாடி கோட்டைக்கு வருகிறவர்களை எண்ணுங்க. கல்லூரிப் பிள்ளைகளை எண்ணுங்க. அவங்க கொடுக்கிற டிக்கெட்டில் என் நோயாளிகள் உட்கார்ந்து வரட்டும். அப்பவும் நஷ்டம் வந்தா? வரட்டும். நாலு வழிச் சாலை லாபமா நஷ்டமான்னு யாரும் கணக்கு கேட்டதில்லையே.

மகளிர் இலவச பஸ் நல்ல திட்டம், அதைக் குறை சொல்லல. டிக்கெட் இலவசமானாலும் படி உயரமாத்தான் இருக்கு.

எனக்கு இருக்கிற பயம் வேற. இந்த நிலம் கொஞ்சம் கொஞ்சமா ஆக்கிரமிப்பாகவும் பட்டாவாகவும் போய்விட்டால் அப்புறம் பணம் இருந்தும் பாதை கிடைக்காது. அதனால் அடுத்த மனுவில் ரயிலே கேட்காதீங்க. ஒரே ஒரு வரி எழுதுங்க: பழைய பாதை முழுக்க அளந்து, எல்லைக்கல் நட்டு, ஒரு சென்ட் கூட யாருக்கும் கொடுக்கக் கூடாது. மாவட்ட ஆட்சியருக்கு ஒரு பிரதி, எம்.பி.க்கு ஒரு பிரதி.