பொலிகிடாவும் நேர்த்திக்கடனும்

திண்டுக்கல்லுக்கு மேற்கே ரெட்டியார்சத்திரத்தைச் சுற்றியுள்ள மானாவாரி ஊர்களில் வெள்ளாடுதான் ஏழைக் குடும்பத்தின் பாங்கி. மழை பொய்த்தாலும், பிள்ளைக்குப் படிப்புச் செலவு வந்தாலும், வீட்டில் ஒருவர் படுத்துவிட்டாலும் உள்ளூர் வியாபாரியிடமோ, வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தையிலோ ஆட்டை விற்றுத்தான் சமாளிக்கிறார்கள். இந்தப் பாங்கியின் முதல் எப்படிக் கரைகிறது என்பதைப் பற்றியே இன்று எழுத முன்வந்தோம்.

ஒரு பட்டியில் மூன்று கிடாய்க்குட்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுவோம. அவற்றில் எலும்புக்கட்டும் வளர்ச்சியும் உள்ளது எதுவோ அது கருப்பசாமிக்கு நேர்ந்துவிடப்படுகின்றது. மட்டமானதைக் கொடுத்தால் சாமி கோபித்துக்கொள்ளுமாம்! வெட்டுமுன் தண்ணீர் தெளித்து, அது உடம்பை உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதாம்! காதில் தண்ணீர் போனால் நாமுந்தான் தலையை உதறுகிறோம். இரண்டாவது குட்டி கசாப்புக் கடைக்குப் போகிறது. எவரும் விலை கேளாத மூன்றாவது நோஞ்சான்தான் பட்டியிலுள்ள பெட்டைகளுக்கெல்லாம் புருஷனாகிறது. அதுவும் பெரும்பாலும் அவற்றின் மகனாகவோ தம்பியாகவோ இருக்கும்.

நேர்ந்த கிடாயுந்தான் ஒரு வருஷம் திரிகிறதே, அதற்குள் இணை சேராதா என்று சிலர் கேட்கலாம். சேரும். ஆனால் சினைக்கு 5 மாதம், குட்டி வளர்ந்து தரம் தெரிய இன்னும் சில மாதம் ஆகவேண்டுமே. நல்ல வித்து என்று தெரியவரும்போது அது குழம்பாகி வருஷமாகியிருக்கும்!

நிற்க, ஒரு பெட்டையின் குணம் அதன் இரண்டொரு குட்டிகளோடு போகும். ஒரு கிடாவோ 20, 30 பெட்டைகளுக்கு விடப்படுவதால் அத்தனை குட்டிகளிலும் பாதி அதனுடையது. ஆகவே கால்நடை சாஸ்திரம் சொல்லுவதில் மந்திரம் ஒன்றுமில்லை. இரட்டைக் குட்டி ஈன்று இரண்டுக்கும் பால் கொடுத்த தாயின் கிடாயை நிறுத்திக்கொள். மற்றவற்றைச் சிறுவயதிலேயே காயடி. 2 வருஷத்துக்கொரு முறை வேற்றூர்க் கிடாயை மாற்று, ஏனெனில் அதற்குள் அதன் மகள்கள் பருவத்துக்கு வந்துவிடும். சேர்த்த தேதியை எழுதிவை, சுமார் 21 நாளில் மறுபடி பருவம் காட்டாவிட்டால் பெரும்பாலும் சினைதான். போயர் என்ற தென்னாப்பிரிக்க ஆட்டைக் கொழுத்த விலைக்கு விற்பவன் பேச்சை வேதமாகக் கொள்ளுவதும் மூடநம்பிக்கையே. அதையும் கணக்கு எழுதிப் பார்த்தே நம்பவேண்டும்.

பாமர ஜனங்களுக்கு இது ஏறுமா என்பது படித்தவர்கள் பேச்சு. பக்கத்துக் கன்னிவாடி வட்டாரத்தில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் சொல்லிக்கொடுக்க, பயிர்ப் புழுவின் முட்டையை அழிக்கும் டிரைக்கோகிரம்மா என்ற கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குளவியையே கிராமத்துப் பெண்கள் வளர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதல் கண்டறியப்பட்டது 1987-ல், விழுப்புரம் பக்கம் அரசூரில். அந்த ஊர்ப் பெயராலேயே தடுப்பூசியும் செய்யப்பட்டது. ஊசிக்கு ஆட்டைப் பிடித்துக் கொடுக்கும் கை, வித்து விஷயத்தில் மட்டும் ஏன் கோவிலைப் பார்க்கவேண்டும் என்று கேட்கின்றோம்.

நல்ல கிடாயை நிறுத்தித் தீனி போட ஏழைக்கு வகையேது என்றால், அது நியாயமான கேள்வி. ஒரு வீட்டார் மட்டும் காயடித்தாலும் மேய்ச்சலில் அடுத்த வீட்டு நோஞ்சான் வந்து சேரும். ஆகவே இது ஊர் கூடிச் செய்யவேண்டிய காரியம். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிக்கத் தெரிந்த ஊருக்கு ஒரு பொதுக்கிடாவுக்குப் பங்கு பிரிக்கத் தெரியாதா? ஆனால் ஆட்டை மேய்ப்பவளும், குட்டிக்குப் பால் காட்டுபவளும் பெண். தலைக்கட்டுக் கணக்கிலோ அவள் இல்லை! கிடாவின் பங்கையாவது அவள் பெயரில் எழுதட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு சாமிக்கு ஒன்று வெட்டித்தான் ஆகவேண்டுமென்பவர்கள் காயடித்ததைக் கொடுக்கட்டும். அது சாமிக்கு ஆகாது என்று பூசாரியார் சொல்லுவாரானால், வாடையில்லாத அந்தக் கறியில் அவர் பங்கை முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு கேட்டுப் பாருங்கள்.